ஏ லெவலில் சட்டம்: மகளோடு கூட இருந்து பார்த்த இரண்டு வருடம்

நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். இந்த வருடம் ஜி.சி.எஸ்.ஈ எழுதும் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர், வேறு வேறு நாளில் வந்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அக்கா, சிக்ஸ்த் ஃபோமில் பிள்ளையைச் சட்டம் எடுக்க விடலாமோ?" சிக்ஸ்த் ஃபோம் என்பது ஜி.சி.எஸ்.ஈ பரீட்சைக்குப் பிறகு ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருடம், 12ஆம், 13ஆம் ஆண்டு. என் மகள் அந்தப் பாடத்தை எடுத்து முடித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நல்ல பாடம். வாசிக்கவும் பக்கம் பக்கமாக எழுதவும் சலிக்காத பிள்ளை என்றால் தாராளமாக விடுங்கள். லோயர் ஆகவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டாம். சட்டப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க ஏ லெவலில் சட்டம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரலாறு, ஆங்கில இலக்கியம், ஏன் கணிதம் படித்த பிள்ளைகளும் சட்டத்துக்குப் போகிறார்கள்.

எங்கள் ஆட்களிடையே இன்னொரு கதையும் உலவுகிறது. ஏ லெவலில் சட்டம் எடுத்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்க்காதாம். மகள் பாடம் தெரிவு செய்த நேரத்தில் மச்சாள் தொலைபேசியில் அரை மணித்தியாலம் என்னைப் பயமுறுத்தினார். இதன் வேர் எங்கே என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. ரஸல் குழுமம் என்று சேர்ந்திருக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் முன்பு, எடுத்தால் பல கதவுகள் திறக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன. கணிதம், இயற்பியல், வரலாறு, புவியியல், மொழிகள் எல்லாம் அதில் இருந்தன. சட்டம் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாததை ஆகாத பாடம் என்று சனம் எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலையே 2019இல் கைவிட்டுவிட்டார்கள். கதை மட்டும் இன்னும் நிற்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தால், விரும்பும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அந்தப் பட்டத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். மகள் சட்டத்தோடு வரலாறும் உயிரியலும் எடுத்தாள். அந்தச் சேர்க்கையை எங்கும் யாரும் குறை சொல்லவில்லை.

சரி, பாடத்துக்குள் என்ன இருக்கிறது? இங்கிலாந்தில் இதை ஏ.க்யூ.ஏ, ஓ.சி.ஆர், எடுகாஸ் என்று சில தேர்வு வாரியங்கள் நடத்துகின்றன. எங்கள் பிள்ளையின் பள்ளி ஏ.க்யூ.ஏ. மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம், 100 புள்ளி. கோர்ஸ்வேர்க் கிடையாது. 12ஆம் ஆண்டு செப்டம்பரில் படித்ததையும் 13ஆம் ஆண்டு முடிவில் வந்துதான் எழுத வேண்டும். முதல் தாளில் குற்றவியல், இரண்டாவதில் டோர்ட் என்கிற தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு மற்றவர் நட்டஈடு கேட்கும் சட்டம். மூன்றாவதில் ஒப்பந்தச் சட்டம் அல்லது மனித உரிமை, இரண்டில் ஒன்று. நீதிமன்றங்கள், ஜூரி, நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் இயற்றுகிறது என்பதெல்லாம் இவற்றோடு கலந்து வரும். ஒப்பந்தமா மனித உரிமையா என்ற தெரிவைப் பிள்ளை செய்வதில்லை, பள்ளிதான் செய்கிறது. மகளுக்கு மனித உரிமையில்தான் ஆசை. கிடைத்தது ஒப்பந்தம். பள்ளிகளின் திறந்த நாளுக்குப் போகிறவர்கள் மறக்காமல் இதைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் படித்தவள். பாடமாக்கினால் புள்ளி வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. அதனால் முதல் சில மாதம் மகளுக்கு நான் செய்த உதவி தவறான உதவி. அட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். குற்றவியலுக்கு மஞ்சள், தீங்கியலுக்குப் பச்சை, பிறகு ஒப்பந்தத்துக்கு நீலம். ஒரு பக்கம் வழக்கின் பெயர், மறுபக்கம் நடந்தது என்ன, தீர்ப்பு என்ன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அட்டையைத் தூக்கிக் காட்டுவேன், அவள் சொல்வாள். பெயர்களின் நடுவில் வரும் "வி" என்ற எழுத்தை நான் அப்படியே வாசித்தேன். சிவில் வழக்கில் அதை "அண்ட்" என்றுதான் வாசிக்க வேண்டும் என்று ரீச்சர் சொன்னாராம், மகள் என்னைத் திருத்தினாள். டோனஹியூ அண்ட் ஸ்டீவன்சன்.

அந்த வழக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1928இல் ஸ்கொட்லாந்தின் பேஸ்லியில், ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பியர் வாங்கிக் கொடுக்கிறார். கறுப்புப் போத்தல், உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாகச் சொல்லி வழக்குப் போட்டார். காசு கொடுத்தது அவர் இல்லை, கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தமும் இல்லை. அப்படியென்றால் செய்து விற்ற கம்பனியிடம் கேட்க முடியுமா? 1932இல், அப்போது அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முடியும் என்றது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவன் என்று நீ நினைத்துப் பார்க்க வேண்டிய எவரும் உன் அயலவரே என்பது அந்த நீதிபதிகளில் ஒருவரான அற்கின் பிரபுவின் விளக்கம். சாமான் விற்கிற இடத்தில் நிற்கிறவள் நான். காலாவதித் திகதி பார்த்து அடுக்கும்போது இந்த அயலவர் எனக்கு ஞாபகம் வருகிறார்.

12ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதல் மாதிரித் தேர்வு. 30 புள்ளிக் கேள்வி ஒன்று. பஸ் நிறுத்தத்தில் ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறார், விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள், அங்கே சிகிச்சையில் பிழை நடக்கிறது, அவர் இறந்துவிடுகிறார். தள்ளியவருடைய பொறுப்பு என்ன? மகள் நான்கு பக்கம் எழுதினாள். எல்லா அட்டைகளும் அந்த நான்கு பக்கத்தில் இருந்தன, ஒரு ஆண்டு கூடப் பிழையில்லை. டி தரம்தான் கிடைத்தது. தாளின் அடியில் ரீச்சர் சிவப்பு மையில் இரண்டே வரி எழுதியிருந்தார். "இந்த வழக்குகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இந்த மனிதருக்கு என்ன நடக்கும்?"

இந்தப் பாடத்தின் முழு வேலையும் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. வழக்கு என்பது ஒப்புவிக்கிற கதை இல்லை, இன்னொரு பிரச்சினையைத் திறக்கிற சாவி. எது பிரச்சினை, அதற்கு விதி என்ன, இந்த ஆளின் நிலைமைக்கு அந்த விதி எப்படிப் பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன. இதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அட்டைகளையும் மாற்றினோம். நான் பெயரைக் காட்டுவதை விட்டுவிட்டு, ஒரு கதையைக் கட்டிச் சொல்லுவேன், அதற்கு எந்த வழக்கு உதவும் என்று அவள் சொல்ல வேண்டும். "மாமா ஏணியைப் பாதையில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார், தபால்காரர் தடுக்கி விழுந்தார், சொல்லு பார்ப்போம்." அதன் பிறகு புள்ளி ஏறத் தொடங்கியது. அட்டை வாங்கிக் கொடுக்கிற தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: எழுதுகிற பழக்கத்துக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். 2 மணித்தியாலத்தில் 100 புள்ளி என்றால் 30 புள்ளிக் கேள்விக்கு 36 நிமிடம். வாசிக்க, யோசிக்க, எழுத எல்லாம் அதற்குள்தான். கை வேகம் இல்லாத பிள்ளை தெரிந்ததையும் எழுதாமல் வெளியே வரும்.

வழக்குகள் வீட்டுக்குள் நுழைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பின்னேரம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, 1910இல் வைட் என்பவனின் வழக்கைச் சொன்னாள். தாயைக் கொல்ல எண்ணிப் பானத்தில் சயனைட் கலக்கிறான். தாய் இறந்துவிடுகிறார், ஆனால் விஷத்தால் இல்லை, இதயம் நின்று. கொலைக்குற்றம் இல்லையாம்.

"அதெப்படி? தாய்க்கு நஞ்சு வைத்தவன்தானே!" என்று கத்தியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, அவன் நஞ்சு வைக்காமல் விட்டிருந்தாலும் அந்த மனுசி அன்றைக்குச் செத்திருப்பா. சாவுக்குக் காரணம் அவன் இல்லை. ஆனால் கொலை முயற்சி. அதுக்குத் தண்டனை குடுத்தவை."

எனக்கு அது அன்று முழுவதும் செமிக்கவில்லை. பிறகு யோசித்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒருவன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும், அவன் செய்ததற்கு மட்டும்தான் அவனைப் பிடிக்கலாம். இன்னொரு நாள் 1868 வழக்கு ஒன்று. இறந்துபோன ஒருவரின் பெயரில் ஒருவன் கள்ள வோட்டுப் போட்டான். வாக்களிக்க உரிமையுள்ள ஒருவராக நடிப்பது குற்றம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. செத்தவருக்கு வாக்குரிமை இல்லையே, ஆகவே குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். சொல்லைச் சொல்லாகவே எடுத்தால் எங்கே போய் முட்டும் என்பதற்கு அது பாடம். அதற்குப் பிறகு நீதிபதிகள் வேறு எந்தெந்த முறையில் சட்டத்தை வாசிக்கலாம் என்று ஒரு அத்தியாயமே வருகிறது. பிள்ளைகள் சலிப்பு என்று சொல்லும் அத்தியாயம் அது. எனக்கு அதுதான் மிகச் சுவையாக இருந்தது.

கிரஞ்சித் அலுவாலியாவின் வழக்கைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டும். பத்து வருடம் கணவனின் கையில் அடியும் சூடும் பட்ட பெண். 1989இல் ஒரு இரவு அவன் தூங்கும்போது பெட்ரோல் ஊற்றி நெருப்பு வைத்தார், சில நாளில் அவன் இறந்தான். கொலைக்கு ஆயுள் தண்டனை. ஆத்திரமூட்டப்பட்டேன் என்ற வாதத்துக்கு அப்போதிருந்த சட்டம், கட்டுப்பாடு சடுதியாக, அந்தக் கணமே இழக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. அவர் காத்திருந்தார் அல்லவா, ஆகவே அந்த வாதம் எடுபடவில்லை. 1992இல் மேன்முறையீட்டிலும் அந்த வாதம் தோற்றது, மனநிலை பற்றிய புதிய சாட்சியத்தால்தான் தீர்ப்பு ரத்தானது. மறு விசாரணையில் கொலை அல்லாத மனிதக்கொலை என்று ஏற்று, சிறையில் கழித்த காலமே போதும் என்று விட்டார்கள். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புப் பெண்கள் அவருக்காகத் தெருவில் நின்றார்கள். 2009இல் வந்த சட்டம் பழைய வாதத்தையே எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியது. கட்டுப்பாட்டை இழப்பது சடுதியாக நடந்திருக்க வேண்டியதில்லை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

மகள் இதை ஒரு கட்டுரைக்காக என்னிடம் வாசித்துக் காட்டினாள். எங்கள் ஊரிலும் இந்த ஊரிலும் இப்படி வாழ்கிற பெண்களை எனக்குத் தெரியும். எழும்பி அடிக்க முடியாதவளுக்கு ஆத்திரம் மெல்லத்தான் வரும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். அதைச் சட்டம் விளங்கிக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்தது. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று சமையலறை மேசையில் இருந்து, "சட்டம் ஆம்பிளை கோபப்படுற விதத்தைப் பார்த்து எழுதினது அம்மா" என்று சொன்னபோது, இந்தப் பாடத்தை எடுக்க விட்டதற்கு எனக்கு உள்ளபடியே பெரிய சந்தோஷம்.

ஒப்பந்தச் சட்டம் என் வேலையிடத்துக்கே வந்துவிட்டது. மகள் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து அடுக்கக் கை கொடுப்பாள். ஒருநாள் 10 கிலோ அரிசி மூட்டைக்குப் பழைய விலைச்சீட்டு மாற்றாமல் இருந்துவிட்டது. கல்லாவில் ஆறு பவுண் கூட வந்ததும் ஒரு ஐயா விடமாட்டேன் என்று நின்றார். "போட்ட விலைக்குத் தரத்தான் வேணும், அதுதான் இங்கத்தைச் சட்டம்." முதலாளி வேறு வழியில்லாமல் பழைய விலைக்கே கொடுத்தார். அவர் போனதும் மகள் மெதுவாகச் சொன்னாள், அப்படிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை என்று. தட்டில் சாமானை விலையோடு வைப்பது வெறும் அழைப்பு. கல்லாவுக்குக் கொண்டு வந்து தருகிறவர்தான் வாங்குகிறேன் என்று முன்மொழிகிறார். கடை ஏற்கலாம், மறுக்கலாம். எட்ஜ்வேரில் பூட்ஸ் என்ற மருந்துக் கடை வாடிக்கையாளரே எடுத்து வரும் முறையைக் கொண்டு வந்தபோது எழுந்த வழக்கு, 1953 தீர்ப்பு. உடனே இன்னொன்றும் சொன்னாள்: பிழையான விலையைப் போட்டு ஆளை ஏமாற்றுவது வேறு சட்டத்தின் கீழ் குற்றம், அதனால் அந்தச் சீட்டை இப்போதே கழற்றுங்கோ. முதலாளி நின்று முழுவதையும் கேட்டார். அன்று தொடக்கம் திங்கட்கிழமை காலையில் எல்லா விலைச்சீட்டும் சரிபார்க்கிறோம்.

நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒக்டோபர் விடுமுறையில் இருவரும் ஸ்னேர்ஸ்புரூக் கிரவுண் கோட்டுக்கு, பெரிய குற்ற வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்துக்குப் போனோம். சென்ட்ரல் லைன், பிறகு கொஞ்ச நடை. குளத்தங்கரையில் பழைய மாளிகை போல நிற்கிறது, முன்னொரு காலம் அநாதைப் பிள்ளைகளின் இல்லமாக இருந்த கட்டடம். வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், உள்ளே படம் எடுப்பது குற்றம். நாங்கள் இருந்த அறையில் நீதிபதி ஜூரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர். ஒரு இளைஞன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது கூடத் தெரியாமல் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். குற்றம் செய்தார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லலாம், நிச்சயம் இல்லாவிட்டால் விட வேண்டும் என்றார் நீதிபதி. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். போன கிழமை பரீட்சையில் எழுதிய வசனம், இப்போது ஒரு மனிதர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். லண்டனின் பேர்போன குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லிக்கும் போகலாம், ஆனால் 14 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள், தொலைபேசியோடும் போக முடியாது. வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் உச்ச நீதிமன்றத்தைச் சிறு பிள்ளைகளோடும் போய்ப் பார்க்கலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். 12ஆம் ஆண்டின் நடுவில், அந்தச் சிவப்பு மை ரீச்சர் வேறிடம் போய்விட்டார். ஆறு கிழமை மாறி மாறி ஆட்கள் வந்து பயிற்சித்தாள் கொடுத்துவிட்டு இருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் சட்டம் பாடம் இல்லை. தீங்கியலை அவசரமாக ஓட்டி முடித்தார்கள், இரண்டாம் தாளில் அது தெரிந்தது. பல பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான் இருப்பார், அவர் போனால் நிலைமை இதுதான். எத்தனை பேர் கற்பிக்கிறார்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அந்த இடைவெளிக்கு மணிக்கு 45 பவுண் கொடுத்து ஒரு தனியார் வகுப்பில் சேர்த்தேன். மூன்று வகுப்போடு நிறுத்தினோம். எழுதி வைத்த விடைகளைப் பாடமாக்கச் சொன்னார்கள், அந்த வழியில் டி வரும் என்று நாங்கள் ஏற்கெனவே கண்டிருந்தோம். தேர்வு வாரியத்தின் பக்கத்தில் பழைய வினாத்தாளும் புள்ளித் திட்டமும் காசில்லாமல் இருக்கின்றன. புள்ளித் திட்டத்தோடு வரும் பரிசோதகர் அறிக்கையை வாசித்தால், எங்கே பிள்ளைகள் சறுக்குகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். நாங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

பள்ளியில் கிடைக்காத மனித உரிமைப் பாடத்தை அவள் தானாகவே தேடி வாசித்தாள். விண்ணப்பக் கட்டுரைக்காக எடுத்தது வில்வராஜா வழக்கு. இங்கே தஞ்சம் கேட்டு, 1988இல் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்கள் பிரித்தானியாவுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன வழக்கு. 1991இல் அந்த நீதிமன்றம் உரிமை மீறல் இல்லை என்றது. ஆனால் அதற்கு முன்பே இங்குள்ள மேன்முறையீட்டில் அவர்கள் வென்று திரும்பி வந்திருந்தார்கள். அதை வாசித்த இரவு அவள் தகப்பனிடம், "அப்பா, நீங்கள் வந்தபோது உங்களை என்ன கேட்டவை?" என்று கேட்டாள். அவர் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். எனக்கே தெரியாத சில விஷயங்கள் அதில் இருந்தன.

பல்கலைக்கழகம் பற்றி இரண்டு வரி. சில இடங்கள் சட்டப் பட்டத்துக்கு எல்நாட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கின்றன. 95 நிமிடத்தில் 42 கேள்வி, பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. அதற்குச் சட்ட அறிவு தேவையில்லை, ஒரு வாதத்தை வாசித்து உடைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நாளிதழ்க் கட்டுரைகள் வாசித்த பழக்கம்தான் அங்கே உதவியது. பட்டப்படிப்பின் முதல் தவணையில் மகளுக்கு எல்லாம் தெரிந்த வழக்காக இருந்தது. நத்தையும் வந்தது. மற்றப் பிள்ளைகள் நத்தார் விடுமுறைக்குள் அவளை எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்று அவளே சொன்னாள். அதனால் முன்கூட்டியே படித்தது பெரிய முந்துதல் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு இருந்த நன்மை வேறு. சட்டம் தனக்குப் பிடிக்கிறதா என்று பட்டத்துக்குக் கடன் எடுக்க முதலே தெரிந்திருந்தது. அவளோடு சிக்ஸ்த் ஃபோமில் அதே பாடம் படித்த இரண்டு பிள்ளைகள், பிடிக்கவில்லை என்று தெரிந்து வேறு துறைக்குப் போனார்கள். அதுவும் நல்ல பலன்தான்.

இந்த செப்டம்பர் மகன் சிக்ஸ்த் ஃபோம் போகிறான். அவன் கணக்கில் கெட்டிக்காரன், ஒரு பக்கம் எழுதச் சொன்னால் ஆறு வரியில் முடித்துவிடுவான். தமக்கை அவனைப் பிடித்து இருத்தி, பஸ் நிறுத்தத்தில் தள்ளிய அந்தப் பழைய கேள்வியைக் கொடுத்துப் பார்த்தாள். கேள்வியை வாசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிதான் பிழை, முடிஞ்சுது" என்று பேனையை வைத்தான். கணிதம், மேலதிகக் கணிதம், இயற்பியல் என்று விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறோம்.